பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பும்போது விண்ணப்பத்தில் என்ன எழுதுவது?

(கொல்லிமலையில் நடந்த கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் களப்பணி ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன் எல்லாம் கணக்காளர் பேசி முடித்துவிட்டார். மிளகு பறிப்பு தொடங்கியாச்சு, சீக்கிரம் விடுங்கன்னு பின்னாடி உட்கார்ந்திருக்கிறவங்க பார்க்கிறது எங்களுக்கும் தெரியுது. அரை மணி நேரம் மட்டும் கொடுங்க. இன்றைக்கு நாங்கள் பேச வந்தது நம்ம பிள்ளைகளோட கல்லூரிப் படிப்பைப் பற்றி.

கொஞ்ச நேரம் முன்னாடி, உங்க வீட்டில் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிற பிள்ளை இருந்தா கையைத் தூக்குங்கன்னு சொன்னோம். நிறையக் கை எழுந்தது. அடுத்து, அந்தப் பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்கிறதுன்னு முடிவு பண்ணியாச்சா என்று கேட்டோம். பாதிக் கை இறங்கிடுச்சு. ஏன் இறக்கினீங்கன்னு ஒரு அம்மாவிடம் கேட்டதற்கு, "மார்க் எப்படி வருமோ தெரியலைங்க மேடம், மண்டை இருந்தாத்தானே படிக்கும்" என்றார்கள். அந்தப் பதிலில் இருந்தே ஆரம்பிக்கிறோம்.

இரண்டு வருஷம் முன்னால் நம்ம குழு உறுப்பினர் ஒருவர் மகளைக் கூட்டிக்கொண்டு எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். பேர் சொல்ல வேண்டாம், அந்த அம்மா இப்போ இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். கல்லூரிப் படிப்புக்கு உதவி செய்கிற ஓர் அறக்கட்டளையின் விண்ணப்பம் கையில் இருந்தது. பேர், ஊர், மதிப்பெண் எல்லாம் நிரப்பியாச்சு. கடைசியில் ஒரு முழுப் பக்கம் காலியாக விட்டிருந்தார்கள். மேலே ஒரே ஒரு வரி: உன் குடும்பம், நீ படிக்கும்போது பட்ட சிரமம், இனி என்ன ஆக விரும்புகிறாய், இவற்றை உன் சொந்த வார்த்தையில் எழுது.

அந்தப் பிள்ளை இரண்டு வரி எழுதியிருந்தது. "நான் ஏழைக் குடும்பத்தைச் சேர்ந்தவள். தயவுசெய்து எனக்கு உதவி செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்." அவ்வளவுதான். மீதிப் பக்கம் அப்படியே வெள்ளையாக இருந்தது.

"வேற எழுத ஒண்ணுமே இல்லையா கண்ணு?" என்று கேட்டோம். "ஒண்ணும் இல்லீங்க, எல்லார் வீட்டையும் போலத்தான் எங்க வீடும்" என்றது.

பன்னிரண்டு வருஷம் படித்த பிள்ளைக்குச் சொல்ல ஒன்றும் இல்லையா? எங்களுக்கு மனசு கேட்கவில்லை. பேப்பரை ஓரமாக வைத்துவிட்டு, டீ வாங்கிக் கொடுத்து, சும்மா பேச ஆரம்பித்தோம். காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருப்பாய், பள்ளிக்கு எப்படிப் போனாய், எந்தப் பாடம் வராது, அது எந்த வகுப்பிலிருந்து வராமல் போனது என்று ஒவ்வொன்றாகக் கேட்டோம். பதில் சொல்லச் சொல்ல, அம்மா பக்கத்தில் உட்கார்ந்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தன் மகள் பட்டதில் பாதி அவருக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

அன்று சாயங்காலம் அந்தப் பிள்ளை எழுதிய பக்கத்தை அதன் அனுமதியோடு, ஊர் பெயரை எடுத்துவிட்டு இங்கே படிக்கிறோம்.

"பஸ் நிற்கும் இடத்துக்கு எங்கள் ஊரிலிருந்து மூன்று கிலோமீட்டர் நடக்க வேண்டும். ஆறாம் வகுப்பில் என்னை விடுதிப் பள்ளியில் சேர்த்தார்கள். முதல் மாதம் இரண்டு முறை வீட்டுக்கு ஓடி வந்துவிட்டேன். இரண்டு முறையும் அம்மா அன்றைக்கே திரும்பக் கொண்டுபோய் விட்டார். ஒன்பதாம் வகுப்பில் அப்பாவும் அம்மாவும் காபித் தோட்ட வேலைக்குக் கர்நாடகா போனார்கள். நான் விடுதியை விட்டு வந்து தம்பியையும் ஆறு ஆடுகளையும் பார்த்துக்கொண்டேன். அந்தப் பருவத்தில் கணக்கில் 19 மதிப்பெண். அதே மழைக்காலத்தில் இரண்டு ஆடு வயிறு உப்பிச் செத்துப்போயின. என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை, சொல்லவும் பக்கத்தில் யாரும் இல்லை. அம்மா திரும்பி வந்த பிறகு மறுபடி விடுதியில் சேர்ந்தேன். பத்தாம் வகுப்பில் கணக்கில் 58 எடுத்தேன். கால்நடை மருத்துவம் படிக்க ஆசை. அது கிடைக்காவிட்டால் விலங்கியல் படித்து, மலையிலேயே வேலை பார்ப்பேன்."

இதில் ஏழை என்ற வார்த்தை எங்கேயாவது வருதா, பாருங்க. உதவி செய்யுங்கள் என்ற கெஞ்சலும் இல்லை. ஆனா படிக்கிறவங்களுக்கு எல்லாம் புரியும். 19 ஏன் வந்தது, 58 எப்படி வந்தது என்பது புரியும். 58 பெரிய மார்க்கான்னு கீழ் நாட்டில் கேட்பாங்க. 19-ல் இருந்து ஏறி வந்த 58 அது.

அதனால்தான் அந்த மண்டை விஷயத்துக்கு வருகிறோம். நம்ம பிள்ளைகளோட மார்க் பட்டியலை எடுத்து, எந்த வருஷம் குறைந்தது என்று பாருங்கள். பக்கத்திலேயே அந்த வருஷம் உங்கள் வீட்டில் என்ன நடந்தது என்று யோசியுங்கள். பறிப்புக் காலமா, வெளியூர் வேலையா, வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா, அப்பா குடித்துவிட்டு வந்த வருஷமா? நம்ம மலையில் மிளகு பறிப்பு தை, மாசியில் உச்சத்தில் இருக்கும். பொதுத் தேர்வு மார்ச் மாதம். இரண்டும் ஒரே நேரத்தில் பிள்ளை தலையில் விழுகிறது. நாமக்கல் டவுனில் இருக்கிற பிள்ளை அந்த இரண்டு மாதமும் டியூஷன் போகுது, நம்ம பிள்ளை ஏணி பிடிக்குது.

இன்னொன்றும் இருக்கிறது. பதினோராம் வகுப்பில் எந்தப் பிரிவு எடுத்தோமோ அதுதான் பிறகு வழியை அடைக்கும், இல்லை திறக்கும். உயிரியல் இல்லாமல் கால்நடை மருத்துவம் கிடையாது. கணக்கு இல்லாமல் இன்ஜினியரிங்குக்குப் பெரும்பாலும் வழியில்லை. "பக்கத்துப் பள்ளியில் அந்த குரூப் இல்லீங்க, இருந்ததில் சேர்த்துட்டோம்" என்று நிறையப் பேர் சொல்கிறீர்கள். பத்தாவது படிக்கிற பிள்ளை வீட்டில் இருந்தால் தயவுசெய்து இந்த வருஷமே கேளுங்கள். விடுதியோடு இருக்கிற பள்ளியில் அந்தப் பிரிவு இருந்தால் மாற்றிச் சேர்க்கலாம்.

அந்தப் பக்கத்தைப் பற்றி இன்னும் ஒரு கதை சொல்லணும். வேறொரு பையனுக்கு, கீழே ஒரு பிரவுசிங் சென்டரில் விண்ணப்பம் போட்டார்கள். டைப் அடித்தவர் நல்ல எண்ணத்தோடதான், "இப்படிப் போட்டாத்தான் கிடைக்கும்" என்று தந்தை இறந்துவிட்டார் என்று அடித்துவிட்டார். வீட்டைப் பார்க்க அறக்கட்டளையில் இருந்து இரண்டு பேர் வந்தார்கள். வாசலில் பாய் போட்டு உட்காரவைத்து, அவர்களுக்குப் பலாச்சுளை எடுத்துக் கொடுத்ததே அந்த அப்பாதான்! சிரிக்காதீங்க. அந்தப் பையனுக்கு அந்த உதவி போச்சு. உண்மையை எழுதியிருந்தாலே கிடைத்திருக்கும், அவ்வளவு கஷ்டம் அந்த வீட்டில் நிஜமாகவே இருந்தது. அகரம் அறக்கட்டளை 2010 முதல் விதைத் திட்டம் நடத்துகிறது. இந்த மாதிரி இடங்களில் எல்லாம் குடும்ப நிலையைத்தான் முக்கியமாகப் பார்க்கிறார்கள். அதனால் பிள்ளை எழுதினதை நீங்கள் ஒருமுறை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு அனுப்புங்கள். எழுத்துப் பிழை இருந்தால் பரவாயில்லை.

அடுத்தது காகிதம். இதில் எங்கள் தப்பு ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

முன்பு ஒரு வருஷம், நம்ம குழுக்களில் ஒன்றில் ஒரு பிள்ளை, இந்த ஆட்டுக்காரப் பிள்ளையைவிட நல்ல மார்க். நர்சிங் படிக்க ஆசை. ஏப்ரலில் அதன் அம்மா வந்து, சாதிச் சான்று எடுக்கணுமே என்று கேட்டார். "ரிசல்ட் வரட்டும்மா, பார்த்துக்கலாம்" என்று சொன்னது நாங்கள்தான். மற்றவர்களுக்குச் சாதிச் சான்று தாசில்தார் மட்டத்தில் முடியும். பழங்குடியினர் சான்று கோட்டாட்சியர் கையெழுத்துப் போட்டு வரணும், விசாரணை நடக்கும், நாள் பிடிக்கும். அது எங்களுக்குத் தெரியாமல் இல்லை, அலட்சியம். ரேஷன் கார்டில் அப்பா பெயர் ஒரு மாதிரி, பள்ளிச் சான்றிதழில் வேறு மாதிரி. அதைத் திருத்தி, மனுப் போட்டு, சான்று கைக்கு வந்தபோது கலந்தாய்வு முடிந்திருந்தது. அடுத்த வருஷம் பார்த்துக்கலாம் என்று மறுபடியும் சொன்னோம். ஆவணியில் அந்தப் பிள்ளைக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. இப்போ எப்போதாவது சோளக்காடு சந்தையில் பார்த்தால், இடுப்பில் குழந்தையோடு சிரிச்சுக்கிட்டே, "நல்லா இருக்கீங்களா மேடம்"னு கேட்குது. எங்களால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

ஆகவே ரிசல்ட் வரும்வரை காத்திருக்க வேண்டாம். இந்த மாதமே சான்றுகளுக்கு இ-சேவை மையத்தில் மனுப் போடுங்கள். சாதிச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, வீட்டில் இதுவரை யாரும் பட்டம் வாங்கவில்லை என்றால் முதல் பட்டதாரிச் சான்று. அதற்கு முன்னால் ஒரு வேலை: ஆதார், ரேஷன் கார்டு, பள்ளிப் பதிவு மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெயரும் பிறந்த தேதியும் ஒன்றுபோல இருக்கிறதா என்று பாருங்கள். படிக்கத் தெரியாத அம்மாக்கள் குழு எழுத்தரிடம் காட்டுங்கள். பிள்ளை பெயரில் வங்கிக் கணக்கு, அதில் ஆதார் இணைப்பு. இது இல்லாவிட்டால் எந்தப் பணமும் வந்து சேராது.

நம்ம மலையாளி இனம் பழங்குடியினர் பட்டியலில் இருக்கிறது. தமிழ்நாட்டுப் பழங்குடிகளில் ஆள் தொகையில் நாமதான் அதிகம். ஆனாலும் மாநிலத்தில் பழங்குடியினருக்கு இட ஒதுக்கீடு நூற்றுக்கு ஒன்றுதான். மத்திய அரசின் கல்வி நிறுவனங்களில் ஏழரை சதவீதம். இந்த ஏழரையில் ஒரு குழப்பம் வருது, தெளிவா கேட்டுக்கோங்க. தமிழ்நாட்டில் 2020-ல் மருத்துவப் படிப்புக்கும், 2021-ல் இன்ஜினியரிங், வேளாண்மை, கால்நடை, சட்டம் போன்ற படிப்புகளுக்கும் ஏழரை சதவீதம் ஒதுக்கினார்களே, அது ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த எல்லாப் பிள்ளைகளுக்கும் பொது. அது வேறு, மத்திய அரசில் பழங்குடியினருக்குக் கொடுப்பது வேறு. இரண்டு கதவும் நம்ம பிள்ளைக்கு இருக்கிறது.

பணத்தைப் பற்றிச் சொன்னால் நம்பமாட்டீர்கள். அரசு கலை, அறிவியல் கல்லூரிகளுக்கு இணையத்தில் விண்ணப்பிக்க மற்றவர்களுக்கு 50 ரூபாய். நம்ம பிள்ளைகளுக்கு 2 ரூபாய் பதிவுக் கட்டணம் மட்டும்தான் இதுவரை வாங்கி வந்திருக்கிறார்கள். ரெண்டே ரூபாய்! கல்லூரிகளில் உதவி மையம் வைத்து அவர்களே போட்டும் கொடுக்கிறார்கள். குடும்ப வருமானம் வருஷத்துக்கு இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால் கல்வி உதவித்தொகை உண்டு. அரசுப் பள்ளியில் படித்த பெண் பிள்ளை உயர்கல்வி சேர்ந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய், 2022 செப்டம்பர் 5-ல் தொடங்கியது. தாலிக்குத் தங்கம் என்று முன்பு ஒரு திட்டம் இருந்ததே, மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பேரில்? அந்தத் திட்டத்தைத்தான் இப்படி மாற்றினார்கள். கல்யாணத்துக்கு என்று கொடுத்த காசு இப்போ படிப்புக்கு வருது. தங்கம் போச்சேன்னு வருத்தப்பட்ட அக்காக்களும் இங்கே இருக்கீங்க, தெரியும்.

ஆனால் இந்தப் பணம் எல்லாம் பிள்ளை சேர்ந்த பிறகு, சில மாதம் கழித்து வருவது. ஜூன் மாதம் கையில் வேண்டும்: பஸ் செலவு, சேர்க்கைக் கட்டணம், விடுதிக்குப் பெட்டி, பாய், நாலு செட் துணி. இந்த இடத்தில்தான் பிள்ளைகள் நின்றுபோகிறார்கள். ஆடு வாங்கவும், காதுகுத்துக்கும், சீருக்கும் உள்கடன் கொடுக்கிறோம். கல்லூரிச் சேர்க்கைக்கு என்று எத்தனை குழுவின் தீர்மானப் புத்தகத்தில் எழுதியிருக்கிறது? தேடிப் பார்த்தோம், மிகவும் குறைவு. உதவித்தொகை வந்ததும் திருப்பிக் கட்டுகிற மாதிரி ஒரு சின்னக் கடன், மே மாதக் கூட்டத்திலேயே தீர்மானம் போட்டு வைத்துக்கொள்ளலாமே என்பது எங்கள் கருத்து. முடிவு உங்களுடையது.

"இவ்வளவு பண்ணியும் எங்க போய்ச் சேரப் போகுது" என்று சிலர் நினைப்பீர்கள். நமக்குப் பக்கத்து மலையைப் பாருங்கள். பச்சமலை நம்ம மலை உச்சியில் நின்றால் கிழக்கே தெரியும். அங்கே பழங்குடியினர் பள்ளியில் படித்த ஒரு பெண், கூலி வேலை செய்யும் குடும்பம், 2024-ல் ஜே.இ.இ. தேர்வு எழுதித் திருச்சி என்.ஐ.டி.-யில் சேர்ந்தார். கல்வராயன் மலையில் கருமந்துறைப் பழங்குடியினர் பள்ளி மாணவி ஒருவர், அப்பாவை இழந்தவர், 2025-ல் சென்னை ஐ.ஐ.டி.-க்குத் தேர்வானார். ஜவ்வாது மலைப் பகுதி புலியூரைச் சேர்ந்த ஸ்ரீபதி 2024-ல் சிவில் நீதிபதித் தேர்வில் வென்றார். அவரும் மலையாளி இனம்தான். கல்யாணம் ஆன பிறகும் படிப்பை விடவில்லை. குழந்தை பிறந்து இரண்டாம் நாள் பச்சை உடம்போடு சென்னைக்குப் போய்த் தேர்வு எழுதினார். காரில் கூட்டிப்போன அவர் வீட்டுக்காரரையும் இங்கே பாராட்டியாக வேண்டும்.

இதைச் சொல்லும்போது எங்களுக்கு ஒரு பயமும் உண்டு. உடனே வீட்டுக்குப் போய், "பாரு, அந்தப் புள்ள ஐ.ஐ.டி. போயிருக்கு, நீ என்ன பண்றே" என்று பிள்ளையைத் திட்டாதீர்கள். அத்தனை பேரும் அங்கே போக முடியாது, போகவும் வேண்டியதில்லை. நாமக்கல்லில் பெண்களுக்கு என்றே அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. இராசிபுரத்தில் திருவள்ளுவர் அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. எழுபது கொண்டை ஊசி வளைவு இறங்கிப் போய் அங்கே ஒரு பி.ஏ. படிச்சு முடிக்கிறதே நம்ம வீட்டுக்குப் பெரிய காரியம்.

அந்த ஆட்டுக்காரப் பிள்ளை என்ன ஆச்சுன்னு கேட்கிறீங்க. அறக்கட்டளையில் இருந்து வீட்டுக்கு வந்து பார்த்தார்கள், நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள், உதவிக்கு எடுத்துக்கொண்டார்கள். கால்நடை மருத்துவம் கிடைக்கவில்லை. நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரி 1985 முதல் இருக்கிறது, நம்ம மாவட்டத்திலேயே. பன்னிரண்டாம் வகுப்பு மார்க்கை வைத்துத்தான் சேர்க்கிறார்கள், நீட் கிடையாது. ஆனால் போட்டி கடுமை. கட்-ஆஃப் எட்டவில்லை. இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்ததாம். பிறகு தானே எழுதின கடைசி வரியை நினைத்துக்கொண்டு விலங்கியலில் சேர்ந்தது.

முதல் பருவம் புத்தகம் எல்லாம் ஆங்கிலம். தமிழில் படித்துவிட்டுப் போன பிள்ளைக்கு ஒரு பக்கம் படிக்க ஒரு மணி நேரம். இரண்டு பாடத்தில் அரியர். விடுதியில் இருந்து ராத்திரி அம்மாவுக்குப் போன் பண்ணி, "நான் வந்துடறேம்மா" என்று அழுதது. ஆறாம் வகுப்பில் இரண்டு முறை திரும்பக் கொண்டுபோய் விட்ட அதே அம்மா, இந்தத் தடவை கிளம்பிப் போய் ஒரு நாள் கூட இருந்துவிட்டு வந்தார். அன்றைக்கு அவர் குழுக் கூட்டத்துக்கு வரவில்லை என்று அபராதம் எழுதிவிட்டார்கள், அது தனிக் கதை! அபராதத்தைத் தள்ளுபடி பண்ணணும்னு கேட்டிருக்கிறோம். அந்த இரண்டு அரியரையும் அடுத்த பருவத்தில் எழுதி முடித்தாச்சு. இப்போ இரண்டாம் வருஷம். விடுமுறைக்கு வந்தால் ஊரில் ஆடு, மாடு நோய்க்கு எல்லாம் அதைத்தான் கூப்பிடுகிறார்கள். "நான் டாக்டர் இல்லைன்னு சொன்னாலும் கேட்கமாட்டேங்கறாங்க" என்கிறது.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்காரர்கள் ஆதார், ரேஷன் கார்டு, பத்தாம் வகுப்பு மார்க் பட்டியல் மூன்றையும் ஜெராக்ஸ் எடுத்து வாருங்கள். அசல் வேண்டாம், மழையில் நனைந்துவிடும். பத்து மணியில் இருந்து நாங்கள் மேசை போட்டு உட்கார்ந்திருப்போம். முடிந்தால் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். ஞாயிற்றுக்கிழமைதான், பள்ளி இல்லை. பறிப்பு ஒரு நாள் தள்ளிப்போனால் பரவாயில்லை.